முப்பத்தெட்டாவது வீடு

தொப்பிக்காரனின் பெயர் அக்-தாலா கிராமத்தில் யாருக்கும் தெரியாது. தலைநகர் பிஷ்கெக்கில் எங்கோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, நாற்பது விநாடியில் கணினி நிரல் எழுதக் கற்றுத்தருகிறேன் என்று கைபேசியில் வந்து நிற்பான். நாற்பது விநாடியில் ஒரு முட்டைகூட வேகாது. ஆனால் பேச்சு இருக்கிறதே, சர்க்கரை. ஒவ்வொரு வீடியோ முடிவிலும் "மிச்சம் அடுத்த பாகத்துல" என்று கண்ணடிப்பான். அந்த அடுத்த பாகம் எப்போது வரும் என்பது அவனுக்கும் தெரியாது, பார்க்கிறவளுக்கும் தெரியாது. கைபேசிக்கு மனசு வந்தால் ஏழாம் பாகம் வரும், அப்புறம் ஒரு பூனை நடனம் வரும், அப்புறம் மூன்றாம் பாகம் வரும். அவனுடைய வீடியோப் பக்கத்துக்குப் போய்த் தேடிப் பார்க்கலாம்தான். நானூறு வீடியோ, தலையும் இல்லை வாலும் இல்லை. தொழுவத்துச் சிக்னலில் அந்தப் பக்கம் திறப்பதற்குள் பசுவுக்குப் பால் வற்றிவிடும்.

மீரிம் அப்படித்தான் கற்றாள். போலோத்பெக் வீட்டு மருமகள், வயது இருபத்திரண்டு, வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷம். விடிந்ததும் முற்றம் பெருக்கி, சமோவாரைப் பற்றவைத்து, மாமனார் மாமியாருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்த பிறகு, வாளியைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போவாள். வீட்டிலேயே சிக்னல் கிடைக்கிற ஒரே மூலை அதுதான். கைபேசியை வைக்கோல் போரின் இடுக்கில் செருகிவிட்டுக் கறக்க உட்காருவாள். ஒரு பசு கறப்பதற்குள் நாலு பாடம். கேட்டதை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிவைப்பாள். கணினியை அவள் தொட்டதே இல்லை. கைபேசியிலேயே கட்டை விரலால் தட்டித் தட்டி எழுதுவாள். பெருக்கல் வாய்ப்பாட்டை எழுதவைத்தாள், மாமியாருடைய ரத்த அழுத்த மாத்திரைக்கு நேரம் சொல்லவைத்தாள். மாமியார் அதைப் பார்த்துவிட்டு, மாட்டுச் சாணி நாற்றத்தில் இப்படியும் ஒரு படிப்பா என்று சிரித்தாள்.

படிப்புதான். அந்தப் பெண்ணுக்கு அதில் கொள்ளை ஆசை. பிஷ்கெக்குக்குப் போய் ஆறு மாதம் முறையாக உட்கார்ந்து படிக்க வேண்டும், ஒரு தடவையாவது பாடத்தை ஒன்றாம் பாகத்திலிருந்து கேட்க வேண்டும் என்று கணவன் அசாத்திடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அசாத் நல்லவன்தான், ஆனால் அப்பா வாய் திறக்காமல் இவன் வாய் திறக்க மாட்டான்.

அந்த வருஷம் தலாஸ் ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்குக்கூட இல்லை. ஊரெல்லாம் பீன்ஸ். துருக்கிக்குப் போகிற வெள்ளைக் கொட்டை, அதை விட்டால் ஊருக்கு வேறு சோறு கிடையாது. ஜூலையில் பூ வைக்கிற நேரத்தில் இரண்டு முறைத் தண்ணீர் தப்பினால் அவ்வளவுதான், பூ உதிர்ந்து வெறும் கொடி நிற்கும். அவர்களுடைய வாய்க்காலில் முப்பத்தெட்டு வீடு. வீட்டுக்கு நாலு மணி நேரம் தண்ணீர், ஒரு சுற்று முடிய ஒரு வாரம். யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்பதில்தான் சண்டையெல்லாம். கடையோரச் சுவரில் பட்டியல் ஒட்டினால் மறுநாள் அதில் மூன்று பெயர் அடித்திருக்கும், நாலு பெயர் மேலே ஏறியிருக்கும். நீர்பாய்ச்சி ஷார்ஷென் பாவம், மதகைத் திறந்து மூடுகிற வேலைக்கு வந்தவன், ஊர் வசவையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு திரிந்தான். இனி ஒவ்வொரு சுற்றுக்கும் சீட்டுக் குலுக்குவோம், பட்டியலை ஒட்டவே வேண்டாம், அவரவருக்கு மட்டும் நேரத்தைச் சொல்லிவிடுவோம் என்று ஊர்க் கூட்டத்தில் முடிவாயிற்று. முப்பத்தெட்டு வீட்டுக்கும் யார் குலுக்கி யார் சொல்வது என்று கேட்டபோது அசாத் எழுந்து, அதை என் பெண்டாட்டியின் கைபேசியே செய்யும் என்று சொல்லிவிட்டான். அவனுக்கு அன்று மட்டும் எங்கிருந்துதான் வாய் வந்ததோ.

கூட்டம் சிரித்தது. போலோத்பெக் சிரிக்கவில்லை. மருமகள் பேரில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, வெளியே காட்டியதில்லை. எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "செய்யட்டும். இந்தப் பருவம் ஒரு குறையும் இல்லாம தண்ணி பாய்ஞ்சா, நானே அவளை பிஷ்கெக்ல கொண்டுபோய் படிக்க விடுறேன்."

ஊர் நடுவில் சொன்ன சொல். மீரிம் அன்று தொழுவத்தில் அழுதாள்.

மூன்று நாளில் எழுதி முடித்தாள். குலுக்கிப் போடுவது ஒரு வீடியோவில் வந்திருந்தது. குறுஞ்செய்தி அனுப்புவது இன்னொன்றில். பெயரையும் எண்ணையும் சேர்த்து வைப்பதற்குத் தொப்பிக்காரன் பெட்டிக் கணக்கு சொல்லியிருந்தான். ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு பெயரை ஒட்டு, உள்ளே தொலைபேசி எண்ணைப் போடு, அப்புறம் பெயரைக் கூப்பிட்டால் எண் வந்து நிற்கும். "பெட்டியில ஒரு சூட்சுமம் இருக்கு, அது அடுத்த பாகத்துல" என்று கண்ணடித்துவிட்டுப் போனான். அந்த அடுத்த பாகம் வரவே இல்லை. மீரிம் இரண்டு நாள் பார்த்தாள். பெட்டிதான் வேலை செய்கிறதே என்று விட்டுவிட்டாள்.

ஷார்ஷென் கொடுத்த காகிதத்தைப் பார்த்துப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். பன்னிரண்டாவது பெயரில் கை நின்றது. அது அவள் மாமனாரின் அண்ணன் பெயர்.

மருமகள் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. மாமனார் பெயரையும் கூடாது. நமக்கு அந்தத் தடை இல்லை, சொல்லலாம். மூத்தவர் தெமிர்பெக், இளையவர் போலோத்பெக். தெமிர் என்றால் இரும்பு. அதனால் அந்த வீட்டில் மாமியார் முப்பது வருஷமாக இரும்பை இரும்பு என்று சொன்னதில்லை, "கெட்டியானது" என்பாள். அடுப்புக் கம்பியும் கெட்டியானது, மண்வெட்டியும் கெட்டியானது. மற்ற வீடுகளில் இதெல்லாம் தேய்ந்துவிட்டது. இந்த வீட்டில் தேயவில்லை. மீரிம் வந்த முதல் வாரம் வாய் தவறி ஒரு தடவை அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, மாமியாரிடம் வாங்கிய பார்வையை இன்னும் மறக்கவில்லை. இரண்டு பெரியவர்களையும் அவள், அப்பா என்று பொருள்பட, "அத்தா" என்றே கூப்பிட்டாள்.

எழுதுவது சொல்வதாகுமா என்று அவள் யோசிக்கக்கூட இல்லை. விரல் தானாகவே "அத்தா" என்று தட்டியது. பக்கத்தில் மூத்தவரின் எண். முப்பத்தொன்றாவதாக மாமனார் வந்தார். அங்கேயும் "அத்தா". பக்கத்தில் அவருடைய எண். எண் வேறுதானே, செய்தி எண்ணுக்குத்தானே போகப்போகிறது என்று எண்ணிக்கொண்டாள்.

முடிந்ததும், எத்தனை பெட்டி என்று கேட்டாள். முப்பத்தேழு என்றது.

ஒரு நிமிஷம் திக்கென்றது. அப்புறம் தொப்பிக்காரனின் பழைய பாடம் ஒன்று ஞாபகம் வந்தது. மெஷின் நம்மைப் போல ஒன்றிலிருந்து எண்ணாது, பூஜ்யத்திலிருந்து எண்ணும். பூஜ்யத்திலிருந்து முப்பத்தேழு வரை என்றால் முப்பத்தெட்டு. சரியாகத்தான் இருக்கிறது. அந்தப் பாடம் வரிசை எண்ணுக்குத்தான், மொத்தக் கணக்குக்கு இல்லை என்பதை எந்த நாற்பது விநாடியும் அவளுக்குச் சொல்லவில்லை. நிம்மதியாகப் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

முதல் சுற்று சண்டையில்லாமல் ஓடியது. ஷார்ஷென் வாழ்நாளில் முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டே மதகு திறந்தான். வழியில் பார்த்த பெண்கள், எங்கள் முறை சரியான நேரத்துக்கு வந்தது என்று மீரிமிடம் சொன்னார்கள். போலோத்பெக் தோளை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

தெமிர்பெக் மட்டும் காத்திருந்தார். மனைவி செத்து மூன்று வருஷம், ஒரே மகன் ரஷ்யாவில். பொத்தான் வைத்த சின்னக் கைபேசி ஒன்று, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் ஷார்ஷெனைக் கேட்டார். ஷார்ஷென், எனக்கு என்ன தெரியும், இப்போது எல்லாம் உங்கள் வீட்டு மருமகள் கையில், அவளைக் கேளுங்கள் என்றான். பெரியவர் ஒருவர் மருமகளிடம் போய் எனக்குத் தண்ணீர் எப்போது என்று கேட்பதா? அந்த மடையனுக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரியும். தலைவலி விட்டால் போதும் என்று சொல்லிவிட்டான்.

சுற்று முடிந்த மறுநாள் பெரியவர் தம்பி வீட்டுக்கு வந்தார். விருந்தினருக்கான மேலிடத்தில் உட்காரவைத்தார்கள். மீரிம் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, கிண்ணத்தில் பாதியளவு தேநீர் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். மறுபடி ஊற்றினாள். மறுபடி குடித்தார். ஆறு கிண்ணம் ஆயிற்று. மழை பேசினார்கள், குதிரை பேசினார்கள், பெரியவர் தண்ணீரைப் பேசவில்லை. வீட்டில் யாராவது தாங்களே சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

கடைசியில் கைபேசியை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது கெட்டுப்போச்சோ என்னவோ, ஒண்ணுமே வர்றதில்ல," என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

"பழசை வச்சுக்கிட்டு மாரடிக்கிறீங்கண்ணே, நல்லதா ஒண்ணு வாங்குங்க," என்று போலோத்பெக் சிரித்தார்.

மீரிமுக்குச் சுருக்கென்றது. பெரியவரின் முறை தவறிப்போயிருக்குமா? அவர் கிளம்பியதும் தொழுவத்துக்கு ஓடி நிரலைத் திறந்து பார்த்தாள். "அத்தா", பக்கத்தில் மூத்தவரின் எண், அவள் தட்டியபடியே இருந்தது. எண் சரி. அப்படியானால் கைபேசிதான் கெட்டிருக்கிறது. நேரே போய்க் கேட்டிருக்கலாம். மாமியாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு குறை என்று ஆகிவிடும். ஒரு குறையும் இல்லாமல் என்றல்லவா மாமனார் ஊர் நடுவில் சொல்லியிருக்கிறார். அப்புறம் பிஷ்கெக் ஏது? அடுத்த சுற்றில் வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கைபேசியை வைக்கோலில் செருகினாள்.

இரண்டாவது சுற்றின் ஆறாம் நாள், காலை பத்து மணிக்குப் போலோத்பெக் வீட்டு முறை. அப்பனும் மகனும் வயலில் இருந்தார்கள். அசாத் கோடியில் பாத்தி திருப்பிக்கொண்டிருந்தான், போலோத்பெக் மதகடியில் நின்றார். தெமிர்பெக் மண்வெட்டியோடு நடந்து வந்தார். அவருடைய பீன்ஸில் பூ பாதி உதிர்ந்துவிட்டது. அதையும் கையில் அள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

அங்கே பேசியதை அசாத்தான் பிறகு சொன்னான். பெரியவர் அந்தப் பூவைத் தம்பியின் காலடியில் போட்டாராம்.

"ரெண்டு சுத்துடா. உன் வீட்டுப் பொண்ணை விட்டு என்னைப் பட்டியல்லருந்து துடைச்சுட்டே இல்ல?"

"உங்களை ஏன் நான் துடைக்கிறேன்? போனைப் பாக்கத் தெரியலைன்னா நான் என்ன பண்றது?"

"அப்பா செத்தப்போ நல்ல நிலம் எனக்கு வந்துச்சுன்னு இருபது வருஷமா உள்ளுக்குள்ள வச்சிருந்தே. இப்ப தண்ணியில தீத்துக்கிட்டே."

அப்படிச் சொல்லிவிட்டு மதகை மூடக் குனிந்தாராம். போலோத்பெக் மண்வெட்டியைப் பிடித்து இழுத்தார். அண்ணன் விடவில்லை. இவர் உதறினார். பெரியவர் பின்னால் சாய்ந்தார், பின்தலை மதகுச் சிமெண்டின் விளிம்பில் பட்டது. அசாத் ஓடிவந்தபோது தண்ணீர் அவர் தோளை நனைத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

போலீஸ் அன்று மாலையே போலோத்பெக்கைக் கூட்டிக்கொண்டு போனது. அவர் தானாகவே வண்டியில் ஏறினார்.

மகன் ரஷ்யாவிலிருந்து வந்து சேரும்வரை மூன்று நாள் உடல் கம்பளிக் கூடாரத்துக்குள் இருந்தது. உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். வெளியே ஆண்கள் கோலை ஊன்றிக் குனிந்து நின்று, துக்கத்துக்கு வருகிறவர்களைப் பார்த்ததும் "என் பொறப்பே, என் மலையே" என்று கதற வேண்டும். கூடப்பிறந்தவன்தான் முதலில் நிற்க வேண்டும். அந்த இடத்தில் யாரும் நிற்கவில்லை. மீரிமும் உள்ளே உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் துணியை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள், அவளுக்கு யாரும் தேநீர் ஊற்றவில்லை. துடைத்தவள் இவள்தான் என்று ஊரே பேசியது.

துடைக்கவில்லை என்றுதான் அவளும் நம்பினாள். புதைத்த மறுநாள் காலை பசு கறக்கப் போனாள். யார் செத்தாலும் பசு கறந்தாக வேண்டுமே. பழக்க தோஷத்தில் கை கைபேசியைத் தட்டிவிட்டது. தொப்பிக்காரன் வந்தான். அதே சிரிப்பு.

"பெட்டிக் கணக்கு, ரெண்டாம் பாகம். ஞாபகம் வச்சுக்கோங்க, ஒரே பேரை ரெண்டு பெட்டிக்கு ஒட்டவே கூடாது. ஒட்டினா ரெண்டாவது எண், முதல் எண்ணை முழுங்கிடும். மெஷின் ஒரு வார்த்தை சொல்லாது. நீங்க எழுதினதுல ரெண்டும் இருக்கும், மெஷினுக்குள்ள ஒண்ணுதான் இருக்கும். பிடிச்சிருந்தா ஒரு லைக் போடுங்க."

முப்பத்தொரு விநாடி. நாசமாய்ப் போனவன், பத்து நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா? மீரிம் அதை நாலு தடவை பார்த்தாள். நாலாவது தடவை வாளி கவிழ்ந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

அசாத்திடம் சொன்னாள். அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். அப்புறம், போலீஸ் கேட்டால் மெஷின் கெட்டுப்போனது என்று மட்டும் சொல், போதும் என்றான். மாமியார் அதுகூட வேண்டாம் என்றாள். வீட்டுப் பெரியவர்கள் பெயரை எடுத்துப் போலீஸ்காரன் முன்னால் பேசுகிற மருமகள் இந்த வீட்டில் இதுவரை இருந்ததில்லை என்றாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. முப்பது வருஷம் காத்த வாய் அது.

ஒரு வாரம் கழித்து மீரிமை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தலாஸில் ஒரு சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி, இளம் வயது, பிஷ்கெக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். சுவரோரப் பெஞ்சில் போலோத்பெக். பத்து நாளில் பத்து வயது கூடியிருந்தது. மேசையின் மேல் அவளுடைய கைபேசி.

அதிகாரி சுற்றி வளைக்கவில்லை. கைகலப்பில் தவறி நடந்தது என்றால் மூன்று நாலு வருஷம். ஆனால் வாய்க்காலில் முப்பத்தெட்டு வீடு, இந்தக் கைபேசியிலிருந்து செய்தி போனது முப்பத்தேழு வீட்டுக்கு. செத்தவர் ஒருவர்தான் இல்லை. இரண்டு சுற்றுத் தண்ணீரை நிறுத்தி, அண்ணனை மதகுக்கு வரவழைத்து, தம்பி காத்திருந்தார் என்றால் அது திட்டம் போட்ட கொலை, பதினைந்து வருஷம். அவரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னது யார் என்று கேட்டார்.

மெஷின் கெட்டுப்போனது என்ற வார்த்தை மீரிமின் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் இந்த மனிதர் நம்பப்போவதில்லை. மெஷின் கெடவில்லை என்பது அவள் எழுதியதைப் பார்த்தாலே தெரியும்.

"யாரும் எடுக்கச் சொல்லல," என்றாள். "நான் ரெண்டு பேருக்கும் ஒரே பேரை எழுதிட்டேன். மெஷின் முதல் ஆளை முழுங்கிடுச்சு. எனக்கு அது தெரியாது."

"என்ன பேரு?"

"அத்தான்னு."

"ஏன், அவங்களுக்குச் சொந்தப் பேரு இல்லையா?"

"நான் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது."

அதிகாரி பேனாவை வைத்தார். "எழுத்துலகூடவா?"

"எழுத்துலயும்தான்."

அவர் சிரிக்கவில்லை. தன் அம்மாவும் தாத்தா பெயரைக் கடைசிவரை சொன்னதில்லை என்றார். ஆனால் வாக்குமூலத்தில் அத்தா என்று எழுத முடியாது, கோர்ட்டில் எந்த அத்தா என்று கேட்பார்கள் என்றார். முதல் பெட்டி யாருடையது என்று அவள் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திட்டம் போட்டது என்றுதான் கோப்பு போகும்.

மீரிம் தலைத்துணியின் முனையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். பெஞ்சைப் பார்க்கவில்லை.

"தெமிர்பெக்," என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். அறை சின்னது, நன்றாகக் கேட்டது. பெஞ்சில் இருந்த போலோத்பெக் எழுந்தார். ஊன்றுவதற்குக் கோல் இல்லை, சுவரில் கையை ஊன்றிக் குனிந்துகொண்டார். கூடாரத்து வாசலில் நின்று கதற வேண்டியதை இப்போது கதறினார். "என் பொறப்பே, என் மலையே." வாசலில் நின்ற காவலர் உள்ளே வந்தார். அதிகாரி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். மீரிம் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வெகுநேரம் ஆயிற்று. போலோத்பெக் மூச்சு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அதிகாரி பேனாவை எடுத்து எழுதியதைப் படித்துப் பார்த்தார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இரண்டாவது பெட்டி யாருடையது என்று கேட்டார்.

மீரிம் மாமனாரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லு மகளே," என்றார். "அவர் எழுதிக்கட்டும்."

அவள் அதையும் சொன்னாள்.